கையைப் பழிக்க முதல் ரொசினைப் பாருங்கள்

"உமக்கு இது சரிவராது பிள்ளை. கை வராத வாத்தியத்தோட ஏன் மல்லுக்கட்டுறீர்? வயலினுக்குப் போம், இல்லாட்டிக் கோரஸுக்குப் போம்."

எங்களோடு இயங்கும் தோழி ஒருத்திக்குப் பதினாறு வயதில் சொல்லப்பட்ட வார்த்தைகள் இவை. கொழும்புப் பாடசாலை ஒன்றின் மேலைத்தேய இசைக்குழுவில் டபிள் பேஸ் வாசிக்க ஆளில்லை. மண்டபத்து மூலையில் போர்வை மூடிக் கிடந்த, தன்னைவிட உயரமான அந்த வாத்தியத்தை அவள் தானாகக் கேட்டு எடுத்தாள். விரலால் தட்டினால் நல்ல சத்தம். வில்லை வைத்து இழுத்தால் மட்டும் ஒன்றில் சத்தமே வராது, அல்லது எண்ணெய் போடாத கதவு திறக்கிற மாதிரி ஒரு முனகல் வரும். "இன்னும் அழுத்தும்" என்றார்கள். அழுத்தினாள். தோள் நொந்தது, மணிக்கட்டு வீங்கியது, முனகல் அப்படியே இருந்தது. இரண்டு வருசத்தின் பின் விட்டுவிட்டாள்.

சில வருசம் கழித்து, ஆசை விடாமல், வேறொரு இடத்தில் நடந்த ஒத்திகைக்குப் போனாள். பக்கத்தில் நின்ற வயதான பேஸ் கலைஞர் ஒருவர் அவளுடைய வில்லை வாங்கி, அதன் மயிரை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்ட முதற்கேள்வி: "பிள்ளை, என்ன ரொசின் பூசுறனீங்கள்?" அவள் பையிலிருந்து எடுத்துக் காட்டியது வயலின் ரொசின். பள்ளிக்கூடத்தில் எல்லா வில்லுக்கும் அந்த ஒரே வகைக் கட்டிதான். அவளும் அதையே வாங்கி வைத்திருந்தாள். அவர் ஒன்றும் பேசாமல் தன்னுடைய ரொசினை எடுத்தார். தேன் நிறம், விரலில் ஒட்டுகிற பதம். வில்லில் நாலு தரம் இழுத்துக் கொடுத்தார். அடுத்த இழுவையில் ஆகத் தாழ்ந்த தந்தி பேசியது. காலடியில் பலகை அதிர்ந்தது. சந்தோசம் வரவில்லை, கோபம்தான் வந்தது என்று அவள் எங்களுக்குச் சொன்னாள்.

அந்தக் கோபம் நியாயமானது என்று நாங்கள் நினைக்கிறோம். ஒரு பிள்ளையின் கைக்கு இரண்டு வருசம் தீர்ப்பு எழுதப்பட்டது. அந்தத் தீர்ப்பை எழுதினவர்கள் ஒருவரும் வில்லில் என்ன பூசியிருக்கிறது என்று பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் அவர்களுக்கு விளங்கியிருக்குமா தெரியாது. ஏனென்றால் நம்முடைய இசைக் கல்வியில் ரொசின் ஒரு "சின்ன விசயம்". கடையில் கேட்டு வாங்குகிற சாமான். இந்தச் "சின்ன விசயம்" என்ற சொல்லோடுதான் எங்களுக்குச் சண்டை.

"ரொசின் எண்டா ரொசின்தானே?"

முதலில் இந்தப் பொதுப்புத்தியை எடுப்போம்.

வில்லில் கட்டியிருப்பது குதிரை வால்மயிர். புதிதாக மயிர் கட்டிய வில்லை, ரொசின் பூசாமல் எந்தத் தந்தியில் வைத்து இழுத்தாலும் சத்தம் வராது. சும்மா வழுக்கிக்கொண்டு போகும். ரொசின் பூசினால்தான் மயிர் தந்தியைப் பிடிக்கும். பிடித்துக் கொஞ்சத் தூரம் இழுத்துக்கொண்டு போகும். இழுபட்ட தந்தி ஒரு கட்டத்தில் பிடியை உதறிக்கொண்டு திரும்பி ஓடும். மறுபடி மயிர் பிடிக்கும். பிடிப்பதும் நழுவுவதுமான இந்த ஓயாத இழுபறிதான் நாம் கேட்கிற ஒரு சுரம். டபிள் பேஸின் ஆகத் தாழ்ந்த தந்தியில் இது விநாடிக்கு ஏறத்தாழ 41 தரம் நடக்கிறது. வயலினின் ஆக உயர்ந்த தந்தியில் ஏறத்தாழ 659 தரம்.

இது யாரோ நேற்றுக் கண்டுபிடித்த கதையில்லை. ஜேர்மனியரான ஹெல்ம்ஹோல்ட்ஸ், 1863இல் வெளிவந்த தன் நூலிலேயே வில்லின் கீழ் தந்தி எப்படி அசைகிறது என்று விளக்கிவிட்டார். அதைப் பெரிதாக வளர்த்தெடுத்தவர் நம்மவர்: திருச்சிராப்பள்ளியில் பிறந்த சி. வி. ராமன். எங்களுக்குப் பாடப்புத்தகத்தில் தெரிந்த ராமன், ஒளிச்சிதறலுக்காக 1930இல் நோபல் பரிசு வாங்கினவர். அதற்குப் பன்னிரண்டு வருசம் முதல், 1918இல், கல்கத்தாவில் இருந்து அவர் வெளியிட்ட பெரிய ஆய்வு, வில்லால் வாசிக்கப்படும் தந்திகளைப் பற்றியது. அதோடு நிற்கவில்லை. வயலினைத் தானாக வாசிக்கிற ஒரு பொறியையும் செய்தார். வில் அசையாமல் நிற்க, வயலின் முன்னும் பின்னும் போய்வருகிற மாதிரி அமைத்து, ஒரு சுரம் குலையாமல் நிற்பதற்கு வில் எவ்வளவு அழுத்தவேண்டும் என்று அளந்தார். நோபல் பரிசுக்காரருக்கு வில்லின் அழுத்தம் சின்ன விசயமாகத் தெரியவில்லை. எங்கட தோழியைப் பார்த்து "இன்னும் அழுத்தும்" என்று சொன்னவர்களுக்குத்தான் அது சின்ன விசயம்.

2000ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜில் ஸ்மித், வூட்ஹவுஸ் என்ற இரண்டு ஆய்வாளர்கள் ரொசினின் உராய்வைப் பற்றி மட்டும் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அவர்கள் சொன்னதன் சாரம் இது: தந்தி நழுவுகிற கணத்தில் உராய்வால் சூடு பிறக்கிறது, அந்தச் சூட்டில் ரொசின் இளகுகிறது, பிடி தளர்கிறது. ஒட்டுகிற கணத்தில் ஆறுகிறது, பிடி இறுகுகிறது. வில்லுக்கும் தந்திக்கும் இடையில் ரொசின் ஒரு நொடிக்குள் பல தடவை இளகி இறுகிக்கொண்டிருக்கிறது. அப்படியென்றால் எந்தச் சூட்டில் இளகுகிற ரொசின் என்பது சத்தத்தின் உயிர்நாடி.

இனி டபிள் பேஸுக்கு வருவோம். வயலின் தந்தியின் நீளம் ஏறத்தாழ 33 சென்ரிமீற்றர். பேஸ் தந்தி ஒரு மீற்றருக்கு மேல். தடிப்பும் பாரமும் அதற்கேற்ற மாதிரி. அவ்வளவு பாரமான தந்தியை நிலையில் இருந்து அசைக்க மயிருக்கு நல்ல பிடி வேண்டும். வயலின் ரொசின் வன்மையானது, காய்ந்தது, தூளாகப் போவது. மெல்லிய தந்திக்கு அது போதும். பேஸ் தந்திக்கு அது யானைப் பசிக்குச் சோளப்பொரி. அதனால்தான் பேஸ் ரொசினை எண்ணெய், மெழுகு போன்றவற்றைச் சேர்த்து மென்மையாக, ஒட்டுகிற பதத்தில் செய்கிறார்கள். மறுவளமாகப் பேஸ் ரொசினை வயலின் வில்லில் பூசினால் அந்த வில் பிசுபிசுத்துப் பாழாகும். இரண்டுக்கும் பேர் ஒன்று, வேலை வேறு.

"யாழ்ப்பாணத்தில ரேடியோ திருத்துற கடைகளில சோல்டர் பண்ண வைச்சிருக்கிறதும் ரொசின்தானே, அதைப் பூசினால் என்ன?" என்று ஒருவர் எங்களைக் கேட்டார். நல்ல கேள்வி. மூலம் ஒன்றுதான். ஆனால் கட்டியாக இருக்கிறது பேஸுக்கு மிகவும் வன்மை, நொறுங்கும். பசையாக வருகிறதில் உலோகத்தைச் சுத்தமாக்க வேறு மருந்துகளும் கலந்திருக்கும். வில்லுக்கு அது ஆகாது. கேட்டவர் பிழையில்லை. அவருக்கு இதைச் சொல்ல இவ்வளவு நாளும் ஒருவரும் இருக்கவில்லை என்பதுதான் பிழை.

"விலை கூடினதை வாங்கினால் சரி"

எதிர்ப்பக்கத்தில் இன்னொரு கூட்டம் நிற்கிறது. யூரியூப்பில் பத்துக் காணொளி பார்த்துவிட்டு, எந்தக் கொம்பனி, எந்த நாடு, எத்தனை டொலர் என்று பட்டியல் ஒப்புவிக்கிறவர்கள். வில்லில் ஒரு குறை வந்தால் அவர்களுக்குத் தெரிந்த ஒரே மருந்து, இன்னொன்றை ஓடர் பண்ணுவது. தங்கத் துகள் கலந்தது, வெள்ளி கலந்தது என்றெல்லாம் ரொசின் சந்தையில் இருக்கிறது. கட்டியில் தங்கம் இருந்தால் வில்லில் பொன் விளையும் என்று நம்புகிறவர்களோடும் நாங்கள் உடன்படவில்லை. முதற்கூட்டம் "உன்ர கை பிழை" என்கிறது. இரண்டாம் கூட்டம் "உன்ர பேர்ஸ் பிழை" என்கிறது. இரண்டுமே வாசிக்கிறவரிடம் யோசிக்கிற வேலையைப் பறித்துவிடுகிறது.

யோசித்துப் பாருங்கள். பேஸ் கலைஞர்கள் நடுவில் அதிகம் அடிபடுகிற பேர்கள் நாலைந்துதான். அமெரிக்காவின் பொப்ஸ்: மிகவும் மென்மை, மிகவும் ஒட்டும். சுவீடனின் கார்ல்சனும் நைமனும்: அதைவிடக் கொஞ்சம் இறுக்கம், பிடி நிதானம். அமெரிக்காவின் கோல்ஸ்டைன்: மென்மை, வன்மை, எல்லாக் காலநிலைக்கும் என்று மூன்று பதத்தில் வருகிறது. இதில் எது நல்லது என்று கேட்டால் அந்தக் கேள்வியே பிழை. எங்கே நின்று வாசிக்கிறீர்கள் என்பதுதான் கேள்வி.

குளிர்நாட்டு மண்டபத்தில் ரொசின் இறுகும். அங்கே மென்மையானது வேண்டும். கொழும்பின் சராசரி வெப்பநிலை வருசம் முழுக்க 27 பாகை செல்சியஸ் அளவில் நிற்கிறது. மின்விசிறி மட்டும் சுற்றுகிற மண்டபத்தில், மத்தியான ஒத்திகையில், மிக மென்மையான ரொசின் கூழாகும். சித்திரை வெயிலில் பையோடு வானுக்குள் வைத்துவிட்டு வந்தால், கட்டி கிண்ணத்தை விட்டு வழிந்து புத்தகம், துணி, பேனை எல்லாவற்றிலும் ஏறியிருக்கும். மென்மையான பேஸ் ரொசின் வெயில் படாமலே, சரித்து வைத்தால் நாட்கணக்கில் மெல்ல வழிகிற சாமான். அதே நாட்டில் நுவரெலியாவுக்குப் போனால் சராசரி 16 பாகை. அங்கே அந்த மென்மையான கட்டிதான் சரியாக வேலை செய்யும். ஒரு தீவுக்குள்ளேயே இரண்டு ரொசின் தேவைப்படும்போது, இன்னொரு கண்டத்தில் குளிர்காலத்தில் எடுத்த காணொளியைப் பார்த்து வாங்குவது எவ்வளவு பெரிய விசர் வேலை!

எங்கள் அனுபவத்தில் சொல்லக்கூடிய வழி இதுதான். நீங்கள் இருக்கிற இடம் வெப்பமும் ஈரப்பதமும் கூடினது என்றால், பேஸ் ரொசினுக்குள்ளேயே கொஞ்சம் இறுக்கமான பதத்தில் தொடங்குங்கள். சுரம் தொடங்குகிற இடத்தில் பிடி காணாது, வில் வழுக்குது என்றால் ஒரு படி மென்மைக்குப் போங்கள். வில் சேற்றில் மாட்டின மாதிரி இழுபடுது, சத்தத்தோடு கரகரப்பும் சேர்ந்து வருது என்றால் ஒரு படி இறுக்கத்துக்கு வாருங்கள். இசைக்குழுவில் நின்று நீளமாக, உரத்து இழுப்பவருக்குப் பிடி கூட வேண்டும். தனியாக வேகமாக வாசிப்பவருக்கு வில் விட்டுக்கொடுக்க வேண்டும். இறுக்கமான ஒன்றை அடியில் பூசி, அதன்மேல் மென்மையானதை ஓரிரு இழுவை மட்டும் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். இதுக்கெல்லாம் தங்கம் தேவையில்லை, காது தேவை. ஒரு செற் பேஸ் தந்தியின் விலையோடு வைத்துப் பார்த்தால் ரொசினின் விலை ஒன்றுமேயில்லை. இரண்டு மூன்று பேர் சேர்ந்து வேறு வேறு பதத்தில் ஒவ்வொன்று வாங்கி மாறி மாறிப் பூசிப் பார்க்கலாம். நாங்கள் அப்படித்தான் செய்தோம்.

பூசுகிற கை

வாங்கினால் முடிந்தது என்று நினைக்கிறவர்கள் பூசுகிற இடத்தில் மறுபடி வழுக்குகிறார்கள். வயலின் வகுப்பில் பழகின கை, வில்லை மேலும் கீழுமாக, கோடை உழவு மாதிரி, சரசரவென்று தேய்க்கும். வன்மையான ரொசினுக்கு அது சரி. மென்மையான பேஸ் ரொசினுக்கு அந்தப் பழக்கம் சரிவராது. கட்டி மயிரைப் பிடித்துக்கொள்ளும், முன்பின் இழுப்பில் மயிர் அறும், பூச்சும் திட்டுத்திட்டாக ஏறும்.

ஆகவே இப்படிச் செய்யுங்கள். வில்லை வாசிக்கிற அளவுக்கு இறுக்குங்கள். கட்டியை ஒரு கையில் அசையாமல் பிடித்து, பிடிப்பக்கத்தில் இருந்து நுனிவரை, ஒரே திசையில், ஒரே அழுத்தத்தில், நிறுத்தாமல் இழுங்கள். நடுவில் நிறுத்தினால் அந்த இடத்தில் ஒட்டிவிடும். நுனிக்கு வந்ததும் வில்லைத் தூக்கி எடுத்து மறுபடி பிடிப்பக்கத்தில் வையுங்கள். முன்பே பூசிப் பழகின வில்லுக்கு மூன்று நாலு இழுவை போதும். புது மயிருக்குக் கூட வேண்டும், பொறுமையாக ஏற்றவேண்டும். ஒவ்வொரு இழுவைக்கும் கட்டியைக் கொஞ்சம் திருப்புங்கள். திருப்பாவிட்டால் நடுவில் வாய்க்கால் விழுந்து, மயிரின் ஓரங்களில் ரொசின் படாமல் போகும்.

பிறகு வாசித்துப் பாருங்கள். தாழ்ந்த தந்தியில், மெதுவாக, அழுத்தாமல், வில்லின் பாரத்தை மட்டும் வைத்து இழுங்கள். சுரம் உடனே தொடங்கினால் காணும். தொடங்காவிட்டால் இன்னும் ஓர் இழுவை. இந்த ஒரு சோதனையை அந்தப் பள்ளிக்கூடத்தில் யாராவது ஒருதரம் செய்திருந்தால் எங்கட தோழியின் மணிக்கட்டு வீங்கியிருக்காது. பிடி இல்லாத வில்லை அழுத்தத்தால் ஈடுகட்டச் சொல்வது, தேய்ந்த சில்லோடு ஓடுகிற சைக்கிளுக்குப் பிறேக்கை இன்னும் இறுக்கச் சொல்வது போன்றது. விழுகிறவர் ஓட்டுகிறவர்தான்.

வாசித்து முடிந்ததும் வில்லைத் தளர்த்துங்கள். தந்தியிலும் பலகையிலும் படிந்ததைக் காய்ந்த துணியால் அன்றைக்கே துடையுங்கள். விட்டால் இறுகி வார்னிசோடு சேர்ந்துவிடும். இறுகினதை எடுக்கிறேன் என்று ஸ்பிரிற்றை வாத்தியத்தின் பக்கம் கொண்டுபோகாதீர்கள், வார்னிசும் சேர்ந்து கரையும். மயிரை விரலால் தொடாதீர்கள். கை எண்ணெய் பட்ட இடத்தில் ரொசின் பிடிக்காது. கட்டியை அதன் கிண்ணத்தோடு, நிமிர்த்தி, ஒரு பிளாஸ்ரிக் பைக்குள் வையுங்கள். ரொசின் தூள் சிலருக்கு ஒவ்வாது. தும்மலோ தோலில் அரிப்போ வந்தால் பாசாங்கு என்று தட்டிக்கழிக்காதீர்கள், வேறு ரொசினுக்கு மாறச் சொல்லுங்கள்.

இவ்வளவுதான். இதில் எது பரம ரகசியம்? எது பத்து வருசம் குருவின் காலடியில் கிடந்து பெறவேண்டிய வித்தை? ஒரு பின்னேரத்தில் சொல்லி முடிக்கிற விசயம். சொல்லாமல் விடுகிறோம். சொல்லாமல் விட்டதை மாணவரின் குறையாக எழுதுகிறோம்.

கட்டிக்குப் பின்னால் இருக்கிற கைகள்

சின்ன விசயம் என்கிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்லவேண்டியிருக்கிறது. ரொசின் தொழிற்சாலையில் இருந்து பிறக்கிறதில்லை. பைன் மரத்தின் பட்டையைச் சீவி, காயத்தின் கீழே பையோ கிண்ணமோ கட்டி, வடிகிற பிசினைச் சேர்க்கிறார்கள். அதைக் காய்ச்சி வடித்தால் ஆவியாகிப் போவது டேர்பன்ரைன். அடியில் மிஞ்சுவது ரொசின். இன்றைய மேற்குத் துருக்கியில் இருந்த கொலொபோன் என்ற பழைய கிரேக்க நகரத்தின் பேரால், ஐரோப்பிய மொழிகள் பலவற்றில் இதற்குக் கொலொபோனி என்று பேர் நிலைத்திருக்கிறது.

அமெரிக்காவின் தென் மாநிலங்களில் ஒரு காலம் இது பெருந்தொழில். முதலில் அடிமைகளாக்கப்பட்ட கறுப்பின மக்கள் அந்த மரங்களைச் சீவினார்கள். அடிமைமுறை ஒழிந்த பிறகும், முகாம் கடையில் கடன்பட வைத்து, அந்தக் கடனைக் காட்டி வெளியேற விடாமல், அதே காட்டுக்குள் தொழிலாளரைக் கட்டிவைத்தார்கள். கடனைக் காட்டித் தோட்டத்தோடு கட்டிவைப்பது என்றால் என்னவென்று மலையகத்தில் பிறந்தவர்களுக்கு விளங்கப்படுத்தத் தேவையில்லை. இங்கே கோப்பிக்கும் தேயிலைக்கும் நடந்தது, அங்கே ரொசினுக்கு நடந்தது. இன்றைக்குச் சீனா, பிரேசில், இந்தோனேசியா போன்ற நாடுகளில் இருந்துதான் உலகத்துக்குப் பெருமளவு ரொசின் போகிறது.

எங்கட நாட்டிலும் மலைச்சரிவுகளில் பைன் காடுகள் நிற்கின்றன. 1970களிலும் 80களிலும் அரசு பெருமளவில் நட்டவை. அவற்றிலும் பிசின் எடுக்கிறார்கள். பஸ்ஸில் போகும்போது, பட்டை சீவப்பட்ட மரங்களை வரிசையாகக் கண்டிருப்பீர்கள். அது என்ன, எங்கே போகிறது, என்னவாக மாறுகிறது என்று ஒரு பாடத்திலும் நமக்குச் சொல்லித்தரவில்லை. விஞ்ஞானப் பாடத்தில் உராய்வு இருக்கிறது, இசைப் பாடத்தில் வில் இருக்கிறது, சமூகக்கல்வியில் பெருந்தோட்டம் இருக்கிறது. மூன்றும் சந்திக்கிற கட்டி யாருடைய பாடத்திலும் இல்லை. கையால் செய்கிற வேலையைக் கீழே வைத்து, வாயால் ஒப்புவிக்கிறதை மேலே வைத்த சமூகத்தில் இது தற்செயலாக நடந்ததென்று நாங்கள் நம்பவில்லை. தோலைப் பதப்படுத்துகிறவரும் தந்தியை முறுக்குகிறவரும் மரத்தைச் சீவுகிறவரும் மேடைக்கு வெளியே நிற்கவேண்டும், வித்துவான் மட்டும் மேடையில் இருக்கவேண்டும் என்ற பழைய ஏற்பாட்டின் தொடர்ச்சிதான், "ரொசின் சின்ன விசயம்" என்ற பேச்சும்.

"எங்கட வாத்தியமே இது?"

இதை எழுதப்போகிறோம் என்று சொன்னபோது நண்பர்கள் சிலர் சிரித்தார்கள். "டபிள் பேஸ் வாசிக்கிற தமிழாக்கள் எத்தனை பேர்? சனம் சோத்துக்கு வழியில்லாமல் இருக்கேக்க உங்களுக்கு ரொசின் கேக்குதோ?"

முதற்கேள்விக்குப் பதில்: வயலின் எங்கட வாத்தியமா? பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாலுசுவாமி தீட்சிதர் போன்றவர்கள் அதைக் கையில் எடுக்க முதல், கர்நாடக இசையில் அதற்கு இடமில்லை. எடுத்தார்கள், நிலத்தில் இருந்து வாசிக்கிற மாதிரி மாற்றினார்கள், சுருதி கூட்டுகிற முறையை மாற்றினார்கள். இன்றைக்கு வயலின் இல்லாத கச்சேரி குறை. வெளியில் இருந்து வந்த ஒன்று எங்களுடையதாவது, அதைப் பூசையறையில் வைத்துக் கும்பிடுவதால் நடக்கவில்லை. அதன் ஒவ்வொரு பாகத்தையும் விளங்கிக் கையாளுவதால்தான் நடந்தது. கொழும்பில் 1958இல் இருந்து ஒரு சிம்பொனி இசைக்குழு இயங்குகிறது. அப்படியொரு குழுவின் பின்வரிசையில் நின்று பேஸ் இழுக்கத் தமிழ்ப் பிள்ளை ஒன்று ஆசைப்பட்டால், அதற்கு அனுமதி கேட்கவேண்டிய தேவை யாருக்கும் இல்லை.

2025 மார்ச் 8ஆம் திகதி இலண்டனில் இளையராஜாவின் சிம்பொனி அரங்கேறியபோது, எங்கட வட்ஸ்அப் குழுக்கள் எல்லாம் பெருமையில் நிரம்பி வழிந்தன. தமிழன், தமிழன் என்று எழுதினோம். நல்லது. ஆனால் சிம்பொனி ஒன்றின் ஆகக் கீழ்த்தளத்தைத் தாங்கி நிற்கிறது அந்தப் பெரிய பேஸ்கள்தான். அவற்றை வாசிக்கிறவர்கள் ஒவ்வொருவரும் மேடைக்கு ஏற முதல் ஒரு கட்டியை எடுத்து வில்லில் மூன்று நாலு தரம் இழுத்திருப்பார்கள். சிம்பொனியைக் கொண்டாடுகிற சமூகம், தன்னுடைய பிள்ளை அந்தக் கட்டியைக் கேட்டால் சிரிக்கிறது என்றால், நாம் கொண்டாடினது இசையையா, பேரையா?

இரண்டாவது கேள்வி கொஞ்சம் பாரமானது. சோறு முக்கியம். நாங்கள் மறுக்கவில்லை. ஆனால் வறுமையைக் காட்டிப் பிள்ளைகளின் ஆசையை வெட்டுகிறவர்கள், அதே வறுமைக்குள் எவ்வளவு வீணாகிறது என்று பார்க்கிறதில்லை. மண்டபத்து மூலையில் ஒரு பேஸ் போர்வை மூடிக் கிடக்கிறது. அது வீண். பொருத்தமில்லாத ரொசினோடு ஒரு பிள்ளை இரண்டு வருசம் தோள் நோக இழுத்தது. அதுவும் வீண். அறிவு இல்லாத இடத்தில் காசு இரண்டு மடங்காகச் செலவாகும். குறைந்த வசதி உள்ளவர்களுக்குத்தான் சரியான தகவல் முதலில் போய்ச் சேரவேண்டும், ஏனென்றால் பிழையாக வாங்கிப் பழகுகிற வசதி அவர்களுக்கு இல்லை.

ஆகவே

கற்பிக்கிறவர்களிடம் நாங்கள் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு மாணவரின் வில் பேசாவிட்டால், கையைப் பற்றி வாய் திறக்க முதல் வில்லை வாங்கி நீங்களே ஒருதரம் இழுத்துப் பாருங்கள். உங்கள் கையிலும் அது பேசாவிட்டால் பிழை பிள்ளையில் இல்லை. என்ன ரொசின், எப்ப பூசினது, மயிர் எத்தனை வருசப் பழசு என்று கேளுங்கள். உங்களுக்குத் தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லுங்கள். மாணவர்களுக்கு முன்னால் தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்ட ஆசிரியர்களால் இழந்த பிள்ளைகள் இசையில் மட்டுமில்லை, எல்லாப் பாடத்திலும் இருக்கிறார்கள்.

பாடசாலைகளுக்கும் கழகங்களுக்கும்: வாத்தியம் வாங்குகிற பட்டியலில் அந்த வாத்தியத்துக்கான ரொசினையும் எழுதுங்கள். நன்கொடையாக ஒரு பேஸ் வந்திறங்கினால், மாலை போட்டுப் படம் எடுத்தபிறகு, வில்லைத் திறந்து பாருங்கள்.

வாசிக்கத் தொடங்குகிற தம்பி தங்கைமாருக்கு: உங்களுக்குக் கை வராது என்று யாராவது சொன்னால், உடனே நம்பாதீர்கள். கை வராமலும் இருக்கலாம், அது பழக்கத்தால் வரும். ஆனால் முதலில் கையில் இருக்கிற சாமானைச் சந்தேகியுங்கள். அதைக் கேள்வி கேளுங்கள், மற்றவரின் ரொசினை இரவல் வாங்கிப் பூசிப் பாருங்கள், தெரிந்ததை அடுத்தவருக்குச் சொல்லுங்கள்.

எங்கட தோழி இப்போது மறுபடி வாசிக்கிறாள். பையில் இரண்டு கட்டி வைத்திருக்கிறாள்: மலைநாட்டுக்குப் போனால் ஒன்று, கொழும்பில் நின்றால் மற்றது. போன மாதம் ஒத்திகைக்குப் புதிதாக ஒரு பெடியன் வந்தான். வில் வழுக்கியது, முகம் சிவந்தது. "அக்கா, எனக்கு இது சரிவராதுபோல" என்றான். அவள் ஒன்றும் சொல்லாமல் அவனுடைய வில்லை வாங்கி வெளிச்சத்துக்குப் பிடித்தாள்.